மெய்க்கீர்த்தி எழுதும் காமிராக்கள்

செஞ்சியை ஆண்டவர்கள் பலர். கோனார்கள், நாயக்கர்கள், பிஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ராஜகிரியின் உச்சியில் கொடிகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஆனால் தமிழ் மக்களின் நினைவில் அந்தக் கோட்டைக்கு ஒரே ஒரு சொந்தக்காரன்தான் இருக்கிறான். சில மாதங்களே அதிகாரம் செலுத்தி, 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி, 22 வயதில் மாண்ட தேஜ்சிங் என்கிற தேசிங்கு. அவன் முகம் எப்படியிருந்தது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது 1960இல் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' திரைப்படத்தின் எம்.ஜி.ஆர். முகம். புகழ்பெற்ற ஒருவனின் முகத்தின் மீது இன்னொரு புகழ்பெற்றவரின் முகம் ஏறி அமர்ந்துகொண்டுவிட்டது. இதில் எம்.ஜி.ஆரைக் குறைசொல்ல எதுவுமில்லை. புகழ் அப்படித்தான் வேலை செய்யும். முகத்தைப் பரப்புவதாகச் சொல்லிக்கொண்டே அது முகத்தை மறைக்கிறது.

பிரபலங்களைப் படமெடுக்கும் புகைப்படக் கலைஞர்களில் யார் பெரியவர் என்ற கேள்வியை நாங்கள் இந்த இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறோம். தமிழில் மனிதரைச் சொற்களால் வரைவதற்கு நெடுங்காலமாக இரண்டு வழிகள் இருந்துவந்துள்ளன. ஒன்று மெய்க்கீர்த்தி. முதலாம் ராஜராஜன் காலந்தொட்டுக் கல்வெட்டுகளின் தலையில் பொறிக்கப்பட்ட அந்தப் புகழுரையில் வென்ற நாடுகளும் விருதுப் பெயர்களும் வரிசையாக வரும்; மன்னனின் முகம் மட்டும் வராது. ஒரு மன்னனின் மெய்க்கீர்த்தியில் பெயரை மாற்றிப் பொருத்தினால் பாதிக்கு மேல் இன்னொருவனுக்கும் செல்லும். மற்றொன்று கதைப்பாடல். தேசிங்கு ராஜன் கதை அவ்வகையைச் சேர்ந்தது. அதில் தேசிங்கின் வீரத்தோடு அவனது பிடிவாதமும் வருகிறது, அறிவுரை கேளாமையும் வருகிறது, மணக்கோலத்திலிருந்து எழுந்து போருக்கு வரும் நண்பன் மகபத்கானும் வருகிறான். அந்த வரிகளில் வேறொரு அரசனின் பெயரைப் பொருத்த முடியாது. மெய்க்கீர்த்தியைப் பாடுவித்தவன் உயிரோடிருந்தான்; கூலியும் கொடுத்தான். கதைப்பாடலைப் பாடியவனுக்குத் தேசிங்கு எதுவும் தரவில்லை. தருவதற்கு அவன் இல்லை.

இன்றைய பிரபலப் புகைப்படங்களில் மிகப் பெரும்பான்மை மெய்க்கீர்த்தி. எங்கள் தரப்பு இதுதான்: காமிராவைக் கொண்டு மெய்க்கீர்த்தி எழுதுபவர் எத்தனை திறமைசாலியாயினும் அவர் பெரும் கலைஞர் ஆவதில்லை. கூலி வாங்கிக்கொண்டும், எதிரில் அமர்ந்திருப்பவரின் அதிகாரத்தை அறிந்துகொண்டும், அதற்குள்ளிருந்தே கதைப்பாடலின் ஒரு வரியை எழுதிவிடுபவரே பெரும் கலைஞர்.

இதற்கு எதிராக வழக்கமாக முன்வைக்கப்படும் விடைகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலாவது விடை, நெருக்கம். இன்னாரை எடுத்தவர், இன்னாரின் வீட்டுக்குள் சகஜமாகப் போய்வருபவர் என்று ஒரு பட்டியலைக் காட்டி ஒரு புகைப்படக்காரரைப் பெரியவர் என்று நிறுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. இது வாயிற்காப்போனின் தகுதி. கதவு திறந்தது என்பதற்கும் உள்ளே என்ன பார்க்கப்பட்டது என்பதற்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால் நெருக்கம் பல நேரங்களில் கண்ணைக் கட்டிவிடுகிறது. அடுத்த அழைப்பு வரவேண்டுமே என்ற கவலை விரலை அழுத்தவிடாமல் செய்கிறது.

இரண்டாவது விடை, கருவி. எந்த லென்ஸ், எத்தனை விளக்கு, எந்தப் பக்கம் சாஃப்ட் பாக்ஸ் என்று பேசுபவர்கள் ஒரு தொழிலின் அடிப்படையைப் பேசுகிறார்கள். அதை நாங்கள் இழிவாகக் கருதவில்லை. நெகடிவின் மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்புகளை மறைத்த அந்நாளைய சிற்றூர் ஸ்டுடியோக்காரர்களின் கைத்திறன் வியக்கத்தக்கது. ஆனால் அந்தத் திறன் எதற்குப் பயன்பட்டது என்பதே கேள்வி. அன்று பென்சில் செய்ததை இன்று மென்பொருள் செய்கிறது. தோலிலிருந்து வயதை எடுத்துவிடுவது, வாழ்ந்த வாழ்க்கையை எடுத்துவிடுவது. அறுபது வயது நடிகரின் கன்னம் குழந்தையின் கன்னம்போல் வழவழப்பாக இருக்கும் சுவரொட்டியில் நாம் காண்பது கணினியில் பொறித்த மெய்க்கீர்த்தி.

மூன்றாவது விடை, ஆன்மா. பெரும் கலைஞர் எதிரிலிருப்பவரின் ஆன்மாவைப் பிடித்துவிடுகிறாராம். இலக்கிய வாசகர்களுக்கு மிகவும் பிடித்த விடை இது. மிகவும் ஆபத்தானதும் இதுவே. காமிரா பிடிப்பது முகத்தின் மேல் விழுந்த ஒளியை மட்டும்தான். அந்த ஒளிக்குள் பதிவாவது இருவருக்கிடையே நிகழ்ந்த ஒரு பேரம்: நான் எப்படித் தெரியவேண்டும் என்று ஒருவர் முன்வைத்ததும், நான் எதைக் காண்பேன் என்று மற்றவர் பதில் சொன்னதும். அந்தப் பேரத்தில் யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பதைப் படத்தில் படிக்க முடியும். ஆன்மாவைப் படிக்க முடியாது.

இதற்குச் சிறந்த சான்று உலகிலேயே அதிகம் கொண்டாடப்பட்ட ஒரு பிரபலப் படத்தில் கிடைக்கிறது. 1941 டிசம்பர் 30 அன்று கனடா நாட்டு நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டு வந்த சர்ச்சிலை ஒட்டாவாவில் யூசுப் கார்ஷ் படமெடுத்தார். சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைக் கார்ஷ் அருகே சென்று பறித்தார், சர்ச்சில் முறைத்தார், அந்த முறைப்பு பதிவாயிற்று. ஹிட்லரை எதிர்த்து நின்ற பிரிட்டனின் உறுதி என்று உலகம் அதைப் படித்தது. 2016இல் வெளியான இங்கிலாந்தின் ஐந்து பவுண்டு நோட்டிலும் அந்த முகமே ஏறியது. சுருட்டை இழந்த ஒரு கிழவரின் எரிச்சலை ஒரு தேசத்தின் வீரமாக வாசித்திருக்கிறோம்! உடனே அடுத்ததாக எடுக்கப்பட்ட படத்தில் சர்ச்சில் புன்னகைக்கிறார். அது உலகத்துக்குத் தேவைப்படவில்லை. கார்ஷின் துணிச்சலை நாங்கள் மதிக்கிறோம். அதிகாரத்தின் வாயிலிருந்து சுருட்டைப் பறிக்க எத்தனை பேருக்குக் கை வரும்? ஆயினும் பறித்ததன் பலன் மறுபடி அதிகாரத்தின் கணக்கிலேயே சேர்ந்தது என்பதையும் மறக்கலாகாது. ஒரு படத்தின் பெருமையில் எவ்வளவு பங்கு கலைஞனுடையது, எவ்வளவு பங்கு பார்ப்பவர்களின் தேவையுடையது என்று பிரித்தறியாமல் இந்த விவாதத்தில் ஓரடியும் முன்னே வைக்க இயலாது.

பின்னணி என்னும் விஷயத்துக்கு வருவோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியரின் இராணுவ நிலவெளிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றுதான். இனி அங்கே காமிராக்கள் பெருகும். ராஜகிரியின் கரும்பாறைகளையும் கல்யாண மகாலின் கூம்புக் கூரையையும் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, கீழிருந்து மேல்நோக்கி எடுத்தால் எவரும் மன்னராகிவிடுவார். அதுதான் சிக்கல். அங்கே முகம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. கோட்டையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். எழுத்தாளரைப் புத்தக அலமாரியின் முன்னும் இசைக்கலைஞரைத் தம்புராவின் அருகிலும் அரசியல்வாதியைக் கூப்பிய கைகளோடும் எடுப்பது இதே வகை. விருதுப் பெயர்களை அடுக்குவதற்குப் பதிலாகப் பொருள்களை அடுக்குகிறோம், அவ்வளவே.

இதிலிருந்து தப்ப இரு வழிகளைப் பெரியவர்கள் காட்டியிருக்கிறார்கள். 1946இல் ஆர்னால்ட் நியூமன் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்தபோது பியானோவின் திறந்த மூடிக்கே படத்தின் பெரும்பரப்பைக் கொடுத்து, மனிதரைக் கீழ்மூலையில் சிறியவராக வைத்தார். பின்னணி அங்கே மனிதரை உயர்த்தவில்லை. அவரைவிடப் பெரிதாகிய அவரது கலையை நமக்குக் காட்டியது. படத்தைக் கேட்டிருந்த பத்திரிகை அதை ஏற்க மறுத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. இர்விங் பென் நேரெதிர் வழியில் சென்றார். 1948இல் இரண்டு தட்டிகளைக் குறுங்கோணத்தில் சேர்த்து ஓர் இடுக்கை உண்டாக்கி, புகழ்பெற்றவர்களை அதற்குள் நிற்கச் சொன்னார். அலமாரி இல்லை, அரண்மனை இல்லை, சாய்ந்துகொள்ள இரண்டு சுவர்கள் மட்டும். புகழோடு வந்தவர் அந்த மூலைக்குள் தன் உடம்பை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதே படமாயிற்று.

அப்படியானால் பிரபலத்தை அவமதிப்பதுதான் கலையா என்று கேட்கப்படலாம். இல்லை. அதே நியூமன் 1963இல், நாஜிக் காலத்தில் அடிமை உழைப்பைப் பயன்படுத்திய ஜெர்மானியத் தொழிலதிபர் ஆல்பிரட் க்ருப்பை இருபுறமும் விளக்கு வைத்து ஒரு பேயைப்போல் எடுத்தார். யூதரான அவருடைய கோபத்தின் நியாயத்தை எவர் மறுக்க முடியும்? ஆனாலும் புகைப்படமாக அது எங்களுக்கு ஒரு படி கீழானதே. மெய்க்கீர்த்தியின் மறுபக்கம் வசை. இரண்டிலும் தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. முகம் சாட்சியாக அழைக்கப்படுவதில்லை. க்ருப் பார்ப்பதற்குச் சாதாரணமான மனிதர் என்று காட்டியிருந்தால் அந்தப் படம் இன்னும் அதிகமாக நம்மை அச்சுறுத்தியிருக்கும்.

எனில் பெரும் கலைஞரின் பண்பு எது? காத்திருத்தல் என்போம். பிரபலமானவர் என்றாலே முகத்தைப் பயிற்றுவித்தவர் என்று பொருள். எந்தக் கோணத்தில் திரும்பவேண்டும், எத்தனை பல் தெரியச் சிரிக்கவேண்டும் என்பது அவருக்குப் பாடம். அந்தப் பாடம் களைத்துப்போகும்வரை காத்திருக்கவேண்டும். 1957இல் ரிச்சர்ட் அவெடனின் நியூயார்க் ஸ்டுடியோவில் மர்லின் மன்றோ நெடுநேரம் ஆடியும் பாடியும் மர்லின் மன்றோவாக நடித்துக் காட்டினார். அதெல்லாம் ஓய்ந்தபின் சும்மா அமர்ந்திருந்த பெண்ணின் பார்வை எங்கோ விழுந்திருக்க, அவெடன் எடுத்த படமே இன்று நிலைத்து நிற்கிறது. அவருக்குத் தெரியாமல் திருடப்பட்ட படமன்று அது. இன்றைய 'இயல்பான' படங்களுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. எதேச்சையாகத் திரும்பியதுபோல் பத்துமுறை திரும்பச் சொல்லி எடுப்பது இயல்பு அன்று. அது புதிய பாடம்.

காத்திருத்தலுக்கு இந்தியாவில் பெரும் சான்று நிமாய் கோஷ். 'கூபி கைன் பாகா பைன்' படப்பிடிப்பில் தொடங்கி சத்யஜித் ராய் 1992இல் மறையும்வரை சுமார் 25 ஆண்டுகள் ஒரே மனிதரைத் தொடர்ந்தார். கிடைத்த ஒளியிலேயே எடுத்தார். ராயின் மேதைமையைக் காட்டும் ஒரு மகத்தான படம் என்று அதில் எதையும் தனித்துச் சொல்ல முடியாது. குனிந்து காமிராவுக்குள் பார்க்கிற, நடிகருக்கு நடித்துக் காட்டுகிற, களைத்து உட்கார்ந்திருக்கிற ஒரு நெடிய மனிதர் ஆயிரக்கணக்கான சட்டகங்களில் வேலை செய்துகொண்டே இருக்கிறார். பிரபலம் கரைந்து உழைப்பாளி எஞ்சுகிறார். ஹோமாய் வியாரவாலா வேறு வகை. விழாக்களின் விளிம்பில் நின்றபடி, நேரு பிரிட்டிஷ் துணைத் தூதரின் மனைவிக்குச் சிகரெட் பற்றவைப்பதை எடுத்தார். 'புகைப்படம் எடுக்கக் கூடாது' என்னும் பலகையின் அருகே அதே நேரு நிற்பதையும் எடுத்தார். பிரதமரை அவர் தாழ்த்தவில்லை. கல்வெட்டில் ஏறாத ஒரு வரியை எழுதினார்.

நம் இலக்கியச் சூழலைப் பார்த்தால் நிலைமை வெட்கத்துக்குரியது. பாரதிக்குக் கைவிரல்களில் எண்ணிவிடத்தக்க புகைப்படங்களே உள்ளன. புதுவையில் எடுக்கப்பட்டவை, 1919இல் காரைக்குடியில் எடுக்கப்பட்டவை, சென்னையில் எடுக்கப்பட்டது என்று அந்தச் சிறு தொகுதி முடிந்துவிடுகிறது. ஆனால் நம் பள்ளிச் சுவர்களிலும் மேடைத் திரைகளிலும் இருப்பவர் ஓவியர் ஆர்யா வரைந்த, முண்டாசும் முறுக்கிய மீசையும் கொண்ட பாரதி. ஓவியம் நல்ல ஓவியம்தான். ஆயினும் 38 வயதில் மாண்டுபோன ஒரு மெலிந்த மனிதனின் களைத்த கண்களைப் புகைப்படம் காட்டும்போது நாம் ஏன் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம்? நமக்குக் கவிஞன் வேண்டாம், விக்கிரகம் வேண்டும் என்பதே காரணம். வறுமையைக் கண்டுகொள்ளாத சமூகம் அதன் தடத்தையும் முகத்திலிருந்து அழித்துவிட விரும்புகிறது.

பின்வந்த எழுத்தாளர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்! முகவாயில் கையை ஊன்றித் தொலைதூரத்தை நோக்கும் படத்தைப் பின்னட்டையில் போட்டுக்கொள்ளாதவர் நம்மிடையே சிலரே. நடிகரின் சுவரொட்டியைப் பார்த்துச் சிரிக்கும் சிற்றிதழ் வாசகர்கள் இதைக் கண்டு சிரிப்பதில்லை. இரண்டும் ஒரே சாதியைச் சேர்ந்தவை என்பதைச் சொன்னால் கோபம்தான் வருகிறது. சிந்தனையாளர் என்பதும் ஒரு விருதுப் பெயரே.

இந்தச் சூழலில்தான் செஞ்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியில் வாழும் புதுவை இளவேனிலின் பணியை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். தமிழ் எழுத்தாளர்களைப் படமெடுப்பதையே தன் வாழ்க்கைப் பணியாக ஆக்கிக்கொண்டவர் அவர். சுந்தர ராமசாமியையும் கி.ராஜநாராயணனையும் நம்மில் பலர் நினைவுகூர்வது அவர் படங்களின் வழியாகவே. குறிப்பாகக் கி.ரா.வின் முதுமை. இடைசெவலிலிருந்து புதுச்சேரிக்கு வந்து 2021 மே மாதம் அங்கேயே மறைந்த அந்த மனிதரின் தோலும் சுருக்கமும் சிரிப்பும் அப்படங்களில் மறைக்கப்படவில்லை. சுருக்கங்களைக் கரிசல் நிலத்தின் வெடிப்புகளோடு ஒப்பிட்டு உருகுவது நம் வாசகர்களின் பழக்கம். அதையும் செய்யாதிருப்பது நல்லது. அந்த ஒப்புமை அவரை மறுபடி விக்கிரகமாக்கும். அவை தொண்ணூறு வயதைக் கடந்த ஒருவரின் சுருக்கங்கள். அதுவே போதுமானது.

ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் போனால் நேர்மையாகாது. உண்மையான படமும் இறுதியில் மெய்க்கீர்த்தியில்தானே போய்ச் சேரும்? 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் காயமுற்று, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆரின் படம் தமிழகத்தின் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டது. திரையில் தோல்வியே அறியாத நாயகன் அதில் அடிபட்டுக் கிடந்தார். அதுவரை அவரைப் பற்றி வெளிவந்த படங்களிலேயே மெய்க்கீர்த்திக்கு மிகத் தொலைவில் நின்ற படம் அது. விளைவு? பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். காயமே கிரீடமாயிற்று. கார்ஷின் படத்துக்கு நேர்ந்ததும் இதுவே.

இந்த மறுப்பை நாங்கள் ஏற்கிறோம். ஆனால் அதனால் எங்கள் அளவுகோல் உடைந்துவிடவில்லை. படம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது கலைஞனின் கையில் இல்லை. எங்கிருந்து புறப்படுகிறது என்பது அவன் கையில் இருக்கிறது. தொட்டுப் பார்க்க இன்னொரு சோதனையும் உண்டு: படத்திலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். யாரென்றே அறியாத ஒரு வெளிநாட்டவர் அந்தப் படத்தின் முன் நிற்பாரா? நின்றால் அது உருவப்படம். நிற்காவிட்டால் அது அடையாள அட்டை.

இச்சோதனையைத் தன் வாழ்க்கையாலேயே எழுதிக்காட்டியவர் ஜூலியா மார்கரெட் காமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் டென்னிசனையும் டார்வினையும் கார்லைலையும் எடுத்தவர். வானியலாளர் ஹெர்ஷலைப் படமெடுக்கையில் தலைமுடியைக் கழுவிக் கலைத்துவிடச் சொன்னார். அசையாமல் நிமிடக்கணக்கில் அமரவைத்தார். முகங்கள் சற்றே மங்கின. அந்த மங்கலையே தன் மொழியாக்கிக்கொண்டார். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே இறந்தார். அங்கும் படமெடுத்தார். இப்போது எதிரில் அமர்ந்தவர்கள் பேரறிஞர்களல்லர். அந்த மண்ணில் உழைத்த மக்கள். எஞ்சியிருக்கும் அந்தச் சில படங்களில் பெரும்பாலானவற்றில் அவர்கள் பெயர்களே குறிக்கப்படவில்லை. பெயரைக் குறிக்காமல் விட்டது அந்தக் காலனியக் கண்ணின் குற்றம். அதை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் ஹெர்ஷலின் முகத்தில் விழுந்த அதே பொறுமையான ஒளி பெயரற்ற அந்த முகங்களிலும் விழுந்திருக்கிறது. பிரபலம் இல்லாதபோதும் படம் நிற்கிறது என்றால், பிரபலம் இருந்தபோதும் படத்தை நிறுத்தியது அதுவல்ல என்பது தெளிவாகிறதே!

ஆகவே பிரபலங்களை எடுப்பவரின் தரத்தைப் பிரபலங்களின் பட்டியலைக் கொண்டு அளக்காதீர்கள். அவர் தன் தெருவிலுள்ள இஸ்திரிக்காரரை எப்படி எடுத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

இறுதியாக, இலக்கிய இதழ்களை நடத்துவோரிடம் இரண்டு கோரிக்கைகள். அட்டையில் எழுத்தாளரின் முகத்தை வெளியிடும்போது எடுத்தவரின் பெயரையும் எழுத்தாளரின் பெயருக்கு நிகராக அச்சிடுங்கள். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆரை எடுத்தவர் யார் என்று இதுவரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அடுத்து, அச்சிடத் தேர்ந்தெடுத்த ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். பிலிம் காலம் முடிந்தபோது எத்தனையோ சிற்றூர் ஸ்டுடியோக்கள் தங்கள் நெகடிவ் பெட்டிகளைக் குப்பையில் போட்டுவிட்டன. இன்று வன்தட்டுகளில் அழிக்கப்படுவதும் அதேதான். எழுத்தாளர் வேண்டாமென்று தள்ளிய படங்களில்தான், அவர் காட்டிக்கொள்ள விரும்பாத முகம் இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து வரும் வாசகன் தேடப்போவது அந்த முகத்தைத்தான்.